கோடைக்காற்றும் கொண்டலும்: கொலராடோ மலையடிவாரத்தில் காற்று, தீ, பனி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத்தொடர் கிழக்கே சமவெளியைத் தொடும் பகுதிக்கு ஃபிரன்ட் ரேஞ்ச் என்று பெயர். ஃபோர்ட் காலின்ஸ், போல்டர், கோல்டன், டென்வர், கொலராடோ ஸ்பிரிங்ஸ் எல்லாம் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. இங்கே புதிதாகக் குடிவருகிறவர்கள் தடித்த கோட்டும் பனி அள்ளும் மண்வெட்டியும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். காற்றுக்கும் தீக்கும் ஆயத்தமாக வருகிறவர்கள் குறைவு. எச்சரிக்கைகள் மைலிலும் அடியிலும் ஃபாரன்ஹீட்டிலும் வருவதால் இங்கேயும் பெரும்பாலும் அந்த அளவுகளே.

பனி பெய்யும் மாதத்தில் காட்டுத்தீ எப்படி வரும்?

2021 டிசம்பர் 30 அன்று வந்தது. போல்டருக்குத் தெற்கே காலை 11 மணிக்குச் சற்றுப் பின் பிடித்த தீ, மாலைக்குள் சுப்பீரியர், லூயிவில் ஊர்களிலும் சுற்றுப்புறத்திலும் 1,084 வீடுகளை எரித்தது. இருவர் இறந்தார்கள். கொலராடோவில் இவ்வளவு வீடுகளை அழித்த தீ வேறு இல்லை. இதற்கு மார்ஷல் தீ என்று பெயர். எரிந்தது அடர்காடு அல்ல; புல்வெளியும், அதை ஒட்டிய சாதாரணக் குடியிருப்புத் தெருக்களும். மறுநாள் அதே சாம்பல்மேல் பனி கொட்டியது.

அந்த ஆண்டு வசந்தத்தில் நல்ல மழை. புல் உயரமாக வளர்ந்தது. அதன்பின் மாதக்கணக்கில் வறட்சி. டென்வரில் அளக்கும்படியான முதல் பனி டிசம்பர் 10 அன்றுதான் விழுந்தது. பதிவேடுகளில் அவ்வளவு தாமதமான முதல் பனி அதற்கு முன் இல்லை. காய்ந்த புல், வறண்ட காற்று, மணிக்கு 100 மைலைத் தாண்டிய வீச்சு. மூன்றும் ஒரே நாளில் கூடின. நாள்காட்டியில் எந்த மாதம் என்பதற்கு அங்கே வேலையே இல்லை.

அப்படியானால் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

முதலில் காற்றின் திசையை. தமிழில் மேற்கிலிருந்து வருவது கோடைக்காற்று, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். முன்னது உலர்த்தும், பின்னது மழை கொண்டுவரும். பெயர் வைத்தவர்கள் ராக்கி மலையைப் பார்த்ததில்லை. ஆனாலும் இந்த மலையடிவாரத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. மேற்குக் காற்று மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது வெப்பமும் வறட்சியும் தீ அபாயமும் வரும். கிழக்குக் காற்று சமவெளியிலிருந்து மலைமேல் ஏறும்போது மேகமும் பெரும்பனியும் வரும். வானிலைப் பக்கத்தைத் திறந்ததும் வெப்பநிலையைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, திசையையும் ஈரப்பதத்தையும் முதலில் பாருங்கள்.

தேசிய வானிலைச் சேவையின் போல்டர் அலுவலகம் இந்தப் பகுதியின் பெரும்பங்குக்கு எச்சரிக்கை விடுகிறது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கத்துக்கு எச்சரிக்கை புவெப்லோ அலுவலகத்திலிருந்து வரும். அடையாளம் தெரிய வேண்டியவை மூன்று. செங்கொடி எச்சரிக்கை: ஈரப்பதம் 15 சதவீதமோ அதற்கும் கீழோ, காற்று வீச்சு 25 மைலோ மேலோ, சில மணி நேரம் நீடிக்கும், புல்லும் சருகும் காய்ந்திருக்கின்றன என்று பொருள். பலத்த காற்று எச்சரிக்கை: சமவெளியில் ஏறக்குறைய 60 மைல், மலையடிவாரத்தில் 75 மைல் வீச்சை எதிர்பார்க்கிறார்கள். பனிப்புயல் எச்சரிக்கை: 35 மைல் காற்றும் கால் மைலுக்குக் குறைவான பார்வைத் தூரமும் குறைந்தது 3 மணி நேரம் இருக்கும். முதல் இரண்டும் ஒரே நாளில் வந்தால் அன்றைய வேலைகளை மாற்றியமையுங்கள். வீட்டில் ஆளில்லாமல் வெளியூர் போகும் நாள் அது அல்ல.

மலையடிவாரத்தில் மட்டும் காற்று ஏன் இவ்வளவு மூர்க்கம்?

ஏரி நிரம்பிக் கலிங்கு வழியே தண்ணீர் வழிவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே தேங்கி நிற்கும் நீர், கலிங்கைத் தாண்டியதும் மெல்லிய தகடாகிச் சரிவில் பாயும். அடியில் போய்க் கொப்பளித்து எகிறும். மலையைத் தாண்டும் காற்றும் அப்படித்தான். முகட்டுக்குச் சற்று மேலே நிலையான காற்றடுக்கு ஒன்று மூடிபோல அமர்ந்துவிட்டால், மேற்கிலிருந்து வரும் காற்று மேலே எழ வழியின்றி முகட்டுக்கும் மூடிக்கும் நடுவே நெருக்கப்பட்டு, கிழக்குச் சரிவில் வேகமெடுக்கும். தகடாகப் பாயும் அந்தப் பட்டையில் நின்றால் நூறு மைல். அது எகிறி மேலே கிளம்பும் இடத்தைத் தாண்டிச் சில மைல் கிழக்கே போனால் கொடிகூட அசையாது. “எங்கள் தெருவில் காற்றே இல்லையே” என்பதை வைத்து அடுத்த ஊரைப் பற்றி முடிவுகட்டக் கூடாது என்பது இதனால்தான்.

இறங்கும் காற்று ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 5.5 டிகிரி ஃபாரன்ஹீட் சூடாகும். ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குச் சரிவில் பனியாக உதிர்த்துவிட்டு வருவதால் வறண்டும் இருக்கும். இந்தக் காற்றுக்கு இங்கே சினூக் என்று பெயர். தரையில் கிடக்கும் பனியைச் சில மணி நேரத்தில் உருக்கியும் நேராக ஆவியாக்கியும் தின்றுவிடும். 1982 ஜனவரி 17 அன்று போல்டரில் பதிவான வீச்சு 137 மைல். நவம்பர் முதல் மார்ச் வரை இதன் பருவம்.

முன்குறி ஒன்று கண்ணுக்கே தெரியும். மலைக்குக் கிழக்கே, நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் வில்லை வடிவ மேகங்கள், முகட்டின்மேல் மதில்போல் உட்கார்ந்திருக்கும் மேகம், இரண்டுக்கும் நடுவே தெளிந்த நீலம். அப்படிப்பட்ட வானம் அழகாகத்தான் இருக்கும். அதே வேளையில் மலைக்குமேல் அலை உருவாகிவிட்டது என்று அது சொல்கிறது.

போன வாரம்தான் அரையடி பனி பெய்தது. இன்னுமா தீ அபாயம்?

ஆமாம். எரிபொருளை அது காய எடுக்கும் நேரத்தை வைத்துத் தீயணைப்புத் துறையினர் வகைப்படுத்துகிறார்கள். கால் அங்குலத்துக்கும் மெல்லிய புல், சருகு, சுள்ளி எல்லாம் 1 மணி நேர எரிபொருள். 1 அங்குலம்வரை 10 மணி நேரம், 3 அங்குலம்வரை 100 மணி நேரம், அதற்கும் தடித்த கட்டைகள் 1,000 மணி நேரம். மலைமேல் விழுந்து கிடக்கும் மரம் ஈரமாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் புல்லோ, பனி உருகிய அன்றே, வெயிலும் சினூக்கும் சேர்ந்தால் மதியத்துக்குள் பற்றத் தயாராகிவிடும்.

பெரிய காட்டுத்தீயும் பனிக்கு அவ்வளவு எளிதில் அடங்காது. கேமரன் பீக் தீ 2020 ஆகஸ்டில் தொடங்கியது. செப்டம்பர் தொடக்கத்தில் அதன்மேல் நல்ல பனி விழுந்து தணிந்தது. பிறகு காய்ந்து, காற்றெடுத்து, அக்டோபரில் மறுபடி சீறி, கடைசியில் 2,08,000 ஏக்கரைத் தாண்டி மாநிலத்தின் மிகப் பெரிய தீயானது. அதே அக்டோபரில் ஈஸ்ட் டிரபிள்சம் தீ ஒரே நாளில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் ஓடி, மரமே இல்லாத மலைமுகட்டைக் கங்குகளாகத் தாண்டிக் கிழக்குப் பக்கம் இறங்கியது. அதை நிறுத்தியது மாதக் கடைசியில் வந்த பனிப்பொழிவு. பனி தீயை நிறுத்தவும் செய்யும், ஒத்திவைக்கவும் செய்யும். இரண்டில் எது என்பது அடுத்து வரும் காற்றைப் பொறுத்தது.

செங்கொடி நாளில் எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

திறந்தவெளியில் எதையும் எரிக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதவை வேறு. புல்வெட்டும் இயந்திரத்தின் அலகு கல்லில் பட்டால் பொறி பறக்கும். இழுவை வண்டியின் சங்கிலி சாலையில் உரசினாலும் அப்படியே. கிளம்பும் முன் சங்கிலியை முறுக்கித் தூக்கிக் கட்டுங்கள். காய்ந்த புல்மேல் காரை நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கும் புகைவடிப்பான் புல்லைப் பற்றவைக்கும் அளவு சூடாக இருக்கும். வெல்டிங், இரும்பறுப்பு வேலைகளை அடுத்த நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது சாம்பல். மார்ஷல் தீக்கு இரண்டு தொடக்கப் புள்ளிகள் இருந்தன என்று 2023 ஜூனில் போல்டர் கவுன்டி (மாவட்ட நிர்வாகம்) விசாரணை சொன்னது. ஒன்று, பெரும்பாலும் மின்கம்பியிலிருந்து வந்த பொறி. மற்றொன்று, ஆறு நாள் முன்பு எரித்து மண் போட்டு மூடிய குவியல். காற்று மண்ணைக் கிளறியதும் உள்ளே இருந்த தணல் உயிர்பெற்றது. மண் தீயை அணைப்பதில்லை, போர்வைபோலக் காக்கிறது. கணப்படுப்புச் சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடே தெரியக் கூடாது. வாளியை மர டெக்கில் (வீட்டை ஒட்டிய மரத் திண்ணையில்) வைக்காமல், வீட்டிலிருந்து 10 அடிக்கு அப்பால் வெறுந்தரையில் பல நாள் விட்டுவைத்த பிறகே குப்பைக்குப் போடலாம். காகிதப் பையில் சாம்பல் கொட்டும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

தீ வீட்டை எப்படிப் பிடிக்கிறது? தீச்சுவர் வந்து மோதுமா?

பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வீட்டை எரிப்பவை காற்றில் பறந்து வரும் கங்குகள். அமெரிக்க வனச்சேவையில் ஆய்வாளராக இருந்த ஜாக் கோஹன் பல ஆண்டுகள் காட்டிய உண்மை இது: ஒரு வீடு தப்புமா என்பதை முடிவு செய்வது வீடும் அதைச் சுற்றியுள்ள சில பத்தடிகளும்தான். பெரிய தீ எவ்வளவு தூரத்தில் எரிகிறது என்பது அதற்கு அடுத்ததுதான்.

கங்கு சேருமிடங்களை உங்கள் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பலத்த காற்றடித்த மறுநாள் வீட்டைச் சுற்றி நடந்து, சருகு எங்கெங்கே ஒதுங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். கூரை மடிப்பு, கூரை ஓரத்துக் கட்டர் (மழைநீர் வடியும் தகரக் கால்வாய்), டெக்கின் இடுக்கு, படிக்கட்டின் அடி, கராஜ் கதவின் மூலை. காற்று சருகைக் கொண்டுபோய்ப் போட்ட இடத்தில்தான் கங்கையும் போடும். இதைவிடச் சரியான பரிசோதனை கிடையாது, செலவும் இல்லை.

அடுத்தது வேலி. மர வேலி தெரு நீளத்துக்கும் திரிபோல வேலை செய்கிறது; ஒரு முனையில் பற்றினால் மறுமுனையில் இருக்கும் சுவர்வரை தீயைக் கூட்டிவரும். மார்ஷல் தீயில் வேலிகள் இந்த வேலையைச் செய்தன. வேலி வீட்டைத் தொடும் கடைசி 5 அடியை மட்டுமாவது கழற்றிவிட்டு உலோகக் கதவோ கம்பி வேலியோ வையுங்கள்.

வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் பக்கத்து வீடே எரிபொருள். ஒரு வீடு பற்றியதும் அதன் வெப்பம் அடுத்த வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறது, உள்ளே கங்கு புகுகிறது. வலுவூட்டிய இரட்டைக் கண்ணாடி உடைய நேரம் எடுக்கும். அண்டை வீட்டாரோடு பேசாமல் உங்கள் வீட்டை மட்டும் காப்பாற்றிவிட முடியாது என்பதும் இதனால்தான்.

எல்லாம் செய்யப் பணமில்லை. எதை முதலில் செய்வது?

சுவரிலிருந்து 5 அடி. இதற்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. மரப்பட்டைச் சிதறலை அள்ளிவிட்டுச் சரளைக்கல் போடுங்கள். ஜன்னலுக்கடியில் இருக்கும் ஜூனிப்பர் புதரை வேரோடு எடுங்கள். அந்தப் புதர் எண்ணெய்ப் பசை நிறைந்தது, பச்சையாக இருக்கும்போதே எரியும். அடுக்கிய விறகை 30 அடிக்கு அப்பால், சரிவின் மேற்பக்கம் கொண்டுபோங்கள். டெக்கின் அடியில் எதையும் சேர்த்துவைக்காதீர்கள்.

அடுத்து, அட்டிக்கின் (கூரைக்கடியில் உள்ள பரணின்) காற்றுத் துளைகள். கால் அங்குலக் கண் உள்ள வலை இருந்தால் கங்கு நுழையும். எட்டில் ஒரு அங்குலம் அல்லது அதைவிடச் சிறிய கண்ணுள்ள உலோக வலையை உள்பக்கமாகத் திருகுங்கள். நைலான் வலை உருகிவிடும். வலை நெருக்கமாக இருந்தால் தூசி அடைக்கும், ஆண்டுக்கு இருமுறை துடைக்க வேண்டும். அடைபட்டால் அட்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

மூன்றாவது, கட்டரைச் சுத்தம் செய்வது. இலையுதிர்காலம் முடிந்ததும் ஒருமுறை, ஜனவரிக் காற்றுக்குப் பின் ஒருமுறை.

5 அடிக்கு வெளியே 30 அடிவரை புல்லை 4 அங்குலத்துக்குமேல் வளரவிடாதீர்கள். மரங்களின் கீழ்க்கிளைகளைத் தரையிலிருந்து 6 முதல் 10 அடிவரை கழித்துவிடுங்கள். அதற்கு அப்பால் 100 அடிவரை மரக் கூட்டங்களுக்கு நடுவே இடைவெளி. கூரை மரஓடாக இருந்தால் மற்ற எதையும்விட அதை மாற்றுவதே பெரிய காப்பு; ஆனால் அது கூரை மாற்றும் காலம் வரும்போது செய்யும் செலவு. சரளைக்கல்லும் வலையும் இந்த வார இறுதி வேலை.

பலத்த காற்று வரும் என்கிறார்கள். வீட்டில் என்ன செய்து வைக்க வேண்டும்?

வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. 50 மைல் காற்றில் அசையாத டிராம்போலின் 100 மைலில் பக்கத்து வீட்டுக் கூரையில் இருக்கும். மணல் மூட்டை போதாது. கழற்றி வையுங்கள், இல்லையேல் தரைக்குள் திருகும் நங்கூரத்தில் கட்டுங்கள். தோட்டக் குடை, நாற்காலி, கிரில் அடுப்பு எல்லாம் கராஜுக்குள். குப்பைத்தொட்டியை முன்னிரவே தெருவில் வைக்காதீர்கள்.

அழுத்தத்தைச் சமன்செய்ய ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். தவறு. உள்ளே நுழையும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். கங்கும் அந்த வழியாகவே வரும். எல்லாவற்றையும் மூடித் தாழிடுங்கள். மேற்குப் பக்க ஜன்னலுக்கடியில் படுக்கை இருந்தால் அன்றிரவு வேறு அறையில் உறங்குங்கள்.

மின்சாரத்தை நிறுவனமே நிறுத்திவிடுமாமே?

ஆம். கம்பி அறுந்தோ உரசியோ தீப்பிடிக்காமல் இருக்க, காற்றுக்கு முன்பே நிறுத்துகிறார்கள். கொலராடோவில் இப்படி முன்கூட்டியே பரவலாக நிறுத்தியது 2024 ஏப்ரலில். மக்களுக்குப் புரியாமல் கோபம் வருவது ஒரு விஷயத்தில்: காற்று நின்ற பிறகும் ஏன் உடனே வருவதில்லை? நிறுத்திய கம்பி ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, கிளை எதுவும் சாய்ந்திருக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே மின்சாரம் விட முடியும். இருட்டில் அது நடக்காது. ஆகவே காற்று நேரத்தோடு இன்னும் ஒரு நாளைச் சேர்த்தே திட்டமிடுங்கள்.

எரிவாயு ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் வெப்பம் கிடைக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அதன் விசிறிக்கும் பற்றவைப்புக்கும் மின்சாரம் வேண்டும். கிணற்று மோட்டாரும் ஓடாது, குடிநீரும் நின்றுவிடும். திறக்காத ஃபிரிட்ஜ் 4 மணி நேரமும், நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரமும் குளிர் காக்கும். ஆக்ஸிஜன் இயந்திரம் போன்ற மருத்துவச் சாதனம் இருந்தால் மின்நிறுவனத்திடம் முன்பே பதிவு செய்யுங்கள். பதிவு செய்தாலும் மின்சாரம் வரும் என்ற உறுதி இல்லை, மாற்று மின்கலம் உங்களிடம் இருக்க வேண்டும்.

ஜெனரேட்டரைக் கராஜில் ஓட்டாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் கூடாது. வீட்டிலிருந்து 20 அடி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையில். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், உடனே வெளியேறிய பின்பே காரணம் தேடுங்கள்.

இன்னொன்று: மின்சாரம் இல்லாதபோது கராஜ் கதவைக் கையால் திறக்கச் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். அதை இழுத்துக் கதவைத் தூக்க வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியுமா என்று இன்றே பாருங்கள். வெளியேறும் நிமிடத்தில் கார் உள்ளே மாட்டிக்கொள்வது உண்மையாகவே நடக்கிறது.

எப்போது வெளியேற வேண்டும்?

உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டாம். மார்ஷல் தீயில் தீ பிடித்ததற்கும் தெருக்களுக்குள் புகுந்ததற்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம்கூட இல்லாத இடங்கள் உண்டு. மேற்கே புகை தெரிகிறது, காற்று உங்கள் பக்கம் வீசுகிறது என்றால் அதுவே போதுமான அறிவிப்பு. கவுன்டியின் அவசர எச்சரிக்கைப் பட்டியலில் கைபேசி எண்ணை நீங்களே சேர்க்க வேண்டியிருக்கும், தானாகச் சேராது. குடும்பத்தில் ஒவ்வொருவர் எண்ணையும் தனித்தனியாகச் சேருங்கள், இரவில் கைபேசியை முழுதாக மௌனமாக்காதீர்கள்.

பை முன்பே கட்டியிருக்கட்டும்: கடவுச்சீட்டு, குடியேற்ற ஆவணங்கள், காப்பீட்டுத் தாள், மருந்துச்சீட்டோடு மருந்துகள், கண்ணாடி, மாற்றுச் சார்ஜர், தண்ணீர். குளிர்காலமானால் கனத்த ஆடையும் காலணியும் சேர்த்து. குடியேற்ற ஆவணங்களை மறுபடி பெற மாதக்கணக்கில் ஆகலாம். அசலைப் பையிலும் படியை இணையச் சேமிப்பிலும் வையுங்கள்.

பத்து நிமிடம் இருந்தால்: ஜன்னல், கதவு, கராஜ் எல்லாம் மூடவும். மெல்லிய திரைச்சீலைகளைக் கழற்றி, சோபாவை ஜன்னலிலிருந்து நகர்த்தவும். வாசல் மிதியடியையும் டெக் மெத்தைகளையும் உள்ளே எறியவும். புகையில் வீடு தெரிய விளக்குகளைப் போட்டுவிடவும். தோட்டத் தெளிப்பானைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள்; தெருவெல்லாம் அப்படிச் செய்தால் தீயணைப்பு வண்டிக்கு நீரழுத்தம் இருக்காது. இரண்டு கார் இருந்தாலும் நெரிசலைக் குறைக்க ஒன்றில் போகப் பாருங்கள்.

வீடு தப்பியது, உள்ளே புகைநாற்றம். சுத்தம் செய்து குடியேறலாமா?

முதலில் படம் எடுங்கள், காப்பீட்டாளரிடம் சொல்லுங்கள், பிறகு தொடுங்கள். எரிந்த வீடுகளின் சாம்பலில் பிளாஸ்டிக், மின்கருவி, வண்ணப்பூச்சு எல்லாம் கலந்திருக்கும். விறகுச் சாம்பல் அல்ல அது. உலரப் பெருக்கக் கூடாது, சருகூதியால் ஊதக் கூடாது. என்95 முகமூடியும் கையுறையும் அணிந்து ஈரத்துணியால் துடையுங்கள். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியை மட்டும் பயன்படுத்துங்கள். ஃபர்னஸ் வடிகட்டியை மெர்வ் (MERV) அளவுகோலில் 13ஆம் தரத்துக்கு மாற்றி, நாற்றம் போகும்வரை அடிக்கடி புதுப்பியுங்கள். உங்கள் ஃபர்னஸ் விசிறி அந்த அடர்த்தியைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள்.

குளிர்காலத் தீயில் இன்னொரு இடி உண்டு. எரிவாயுவும் மின்சாரமும் துண்டிக்கப்பட்ட வீட்டில் மறுநாளே நீர்க்குழாய் உறையும். தீக்குத் தப்பிய வீட்டைக் குழாய் வெடித்து மூழ்கடிக்கும். உள்ளே போக அனுமதி கிடைத்ததும் முதன்மை வால்வை மூடி, கீழ்த்தளக் குழாயிலிருந்து மேல்தளக் குழாய்வரை திறந்து நீரை வடித்துவிடுங்கள்.

பெரும்பனி எப்போது வரும்? டிசம்பர், ஜனவரியிலா?

மலைமேல் அப்போதும் நிறைய வரும். அடிவாரத்தில் கனத்த பனி மார்ச், ஏப்ரல் மாதங்களில் வரும். கொலராடோவின் தென்கிழக்கு மூலையில் தாழ்வழுத்தம் மையம்கொண்டால் அதன் வடபக்கத்தில் கொண்டல் எழும். மெக்சிகோ வளைகுடாவின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மலைமேல் ஏற்றும். 2003 மார்ச் 17 முதல் 19 வரை டென்வரில் 31.8 அங்குலம் விழுந்தது; அடிவார ஊர்கள் சிலவற்றில் 7 அடிக்கு மேல். 2021 மார்ச்சில் டென்வரில் 27.1 அங்குலம்.

அங்குலத்தைவிட நீரின் அளவே முக்கியம். ஜனவரிப் பனி பஞ்சு. 15 அல்லது 20 அங்குலம் உருகினால்தான் ஒரு அங்குல நீர். மார்ச் பனியில் 10 அங்குலமே போதும், சிலநேரம் அதற்கும் குறைவு. ஒரு அங்குல நீர் ஒரு சதுர அடியில் 5.2 பவுண்டு அழுத்தும். இரண்டடி மார்ச் பனி என்றால் சதுர அடிக்கு 12 பவுண்டுக்குமேல். சரியாகக் கட்டிய கூரை தாங்கும். கார் நிறுத்தும் தகரக் கொட்டகையும் பழைய டெக் கூரையும் தாங்குமா என்பது சந்தேகம். கூரைமேல் ஏறாதீர்கள். தரையில் நின்றே நீண்ட பிடியுள்ள பனிவாரியால் ஓரத்து 3, 4 அடியை இழுத்துவிடுங்கள்.

வழித்துத் தள்ளும்போது முழு மண்வெட்டி அள்ளாதீர்கள். இதயத்துக்கு அது திடீர்ப் பளு. ஆண்டுதோறும் இப்படி உயிர் போகிறது.

பனிக்குப் பின் வீட்டின் வெளிப்புறத்தில் பார்க்க வேண்டியது எது?

பக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள். புதுவகை ஃபர்னஸ் அதன் வழியேதான் மூச்சு வாங்கி விடுகிறது. காற்று குவிக்கும் பனி அதை மூடினால் ஃபர்னஸ் நின்றுபோகும், அல்லது புகை உள்ளே திரும்பும். அதைச் சுற்றி 3 அடிக்குப் பனியைக் கையால் அகற்றுங்கள். எரிவாயு மீட்டரையும் அப்படியே. மண்வெட்டியால் குத்த வேண்டாம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி. பனியில் போதும்தானே?

கிளம்ப உதவும், நிற்க உதவாது. நிறுத்துவது டயர். ஐ-70 நெடுஞ்சாலையில் டாட்செரோவுக்கும் மாரிசனுக்கும் நடுவே செப்டம்பர் 1 முதல் மே 31 வரை எல்லாக் கார்களுக்கும் பிடிமானச் சட்டம் உண்டு. நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் டயர்த் தடம் பதினாறில் மூன்று அங்குல ஆழம் இருக்க வேண்டும். இரு சக்கர இயக்கமானால் பனிக்கால டயரோ சேற்றுப்பனிக் குறி (M+S) உள்ள டயரோ வேண்டும், அல்லது சங்கிலி கையில் இருக்க வேண்டும். அபராதம் நூறு டாலருக்கு மேல். வழுக்கி நின்று சாலையை அடைத்தால் பல நூறு. சங்கிலியை வாங்கிப் பெட்டியோடு வைப்பதில் பயனில்லை. வீட்டு முற்றத்தில் ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். இருட்டில் விரல் விறைத்த நிலையில் படிக்கக்கூடியதல்ல அந்தத் தாள்.

பனியே இல்லாத நாளில் போல்டருக்கும் கோல்டனுக்கும் இடைப்பட்ட 93ஆம் நெடுஞ்சாலையைக் கவனியுங்கள். மேற்குக் காற்று குறுக்காக அடிக்கும் வெட்டவெளி அது. உயரமான வண்டிகள் கவிழ்ந்து சாலையை மூடுவது வழக்கம். காற்றாலைகளைச் சோதிக்கும் தேசிய ஆய்வுக்களத்தை அந்தப் பக்கம் வைத்திருப்பது தற்செயல் அல்ல.

சாலையில் மாட்டிக்கொண்டால்?

வண்டியைவிட்டு இறங்கி நடக்காதீர்கள். 2019 மார்ச் 13 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலைகளில் சிக்கினார்கள். அன்று காலை மழைதான் பெய்துகொண்டிருந்தது. வெண்மூட்டத்தில் பத்தடி போனால் கார் தெரியாது. மணிக்கு 10 நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முன்பே இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். காற்று படாத பக்கத்து ஜன்னலை விரற்கடை திறந்திருங்கள். போர்வை, கம்பளிச் சாக்ஸ், தண்ணீர், தலைவிளக்கு, சிறு மண்வெட்டி அக்டோபர் முதல் மே வரை காரிலேயே இருக்கட்டும். எரிபொருள் பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள்.

மலையேற்றத்துக்கும் பனிநடைக்கும் போகிறோம். பனிச்சரிவு பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் தினமும் வெளியிடும் முன்னறிவிப்பைப் படிக்காமல் போகக் கூடாது. 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளே பெரும்பாலும் சரிகின்றன. நீங்கள் நிற்பது தட்டையான பாதையாக இருக்கலாம். மேலே என்ன சாய்வு என்று பாருங்கள்.

இங்கேயும் வில்லன் காற்றுதான். புதுப்பனி விழாவிட்டாலும், மேற்குக் காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி முகட்டுக்குக் கிழக்கே கெட்டியான பலகையாகப் படியவைக்கும். அதன் அடியில், குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த பனி சர்க்கரைபோல் பொலபொலவென்று இருக்கும். இந்த மாநிலத்துப் பனி அப்படி. பலகையில் கால்வைத்தால் “வும்” என்று அமுங்கும் ஒலி கேட்டாலோ விரிசல் ஓடினாலோ வந்த வழியே திரும்புங்கள். குழுவில் ஒவ்வொருவரிடமும் புதைந்தவரைக் கண்டறிய உதவும் அலைபரப்பி, பனிக்குள் குத்திப் பார்க்கும் ஆய்வுக்கோல், மண்வெட்டி வேண்டும். புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரியும்; வெளியிலிருந்து மீட்புக்குழு அதற்குள் வராது.

காப்பீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

வீட்டின் சந்தை விலையை மறந்துவிடுங்கள்; மறுபடி கட்ட என்ன செலவாகும் என்பதே கேள்வி. மார்ஷல் தீக்குப் பின் பலருக்குக் கிடைத்த தொகை கட்டுமானச் செலவுக்குப் போதவில்லை. பேரழிவுக்குப் பின் ஒரே நேரத்தில் எல்லாரும் கட்டுவதால் கூலியும் பொருளும் ஏறும். ஆகவே நீட்டித்த மாற்றுச்செலவுப் பாதுகாப்பும் (கட்டும் செலவு காப்பீட்டுத் தொகையைத் தாண்டினால் கூடுதலாகத் தருவது), புதிய கட்டட விதிகளுக்கேற்பக் கட்டும் கூடுதல் செலவுக்கான பாதுகாப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள். காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு தனி விழுக்காடாக இருக்கக்கூடும். எந்த நிறுவனமும் ஏற்காதவர்களுக்கு மாநிலத்தின் ஃபேர் பிளான் 2025இல் தொடங்கியது. வீடுகளுக்கு உச்சவரம்பு 7,50,000 டாலர்.

கைபேசியால் ஒவ்வொரு அறையையும், அலமாரி, இழுப்பறை திறந்தபடி, மெதுவாகக் காணொளி எடுத்து இணையத்தில் சேமியுங்கள். இருபது நிமிட வேலை. நினைவிலிருந்து பட்டியல் எழுத நேர்ந்தவர்கள் பாதியை மறந்திருக்கிறார்கள்.

தீ அபாயம் என்றால் வீட்டருகே மரமே கூடாதா?

இருக்கலாம். சுவரிலிருந்து தள்ளி, கீழ்க்கிளை கழித்து, உயிரோடு இருக்க வேண்டும். இங்கே குளிர்காலத்தில் மரம் சாவது உறைபனியால் மட்டும் அல்ல, தாகத்தாலும்தான். சினூக் ஊசியிலைகளின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் ஈடுகட்ட முடியாது. வசந்தத்தில் செம்பழுப்பாக நிற்கும் மரம் அடுத்த காற்றுக்கு எரிபொருள். அக்டோபர் முதல் மார்ச் வரை பனியில்லாத வறண்ட வாரங்கள் தொடர்ந்தால் மாதம் ஒன்றிரண்டு முறை நீர் விடுங்கள். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குமேல் இருக்கும் நாளில், நண்பகலில், அடிமர விட்டம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 10 காலன், கிளை விரிந்த எல்லைக்குள் மெதுவாக ஊறும்படி. முடிந்ததும் ரப்பர் குழாயைக் குழாய்வாயிலிருந்து கழற்றிவிடுங்கள். மாட்டியபடி விட்டால் அதில் தேங்கிய நீர் இரவில் உறைந்து சுவருக்குள் இருக்கும் குழாயைப் பிளக்கும்.